‘டு வாக் இன்விசிபிள்’: பிரான்ட்டி வீட்டின் வரவு செலவு

எழுத்தாளரின் வாழ்க்கையைப் படமாக்க வருகிறவர்களுக்கு முதல் தலைவலி, எழுத்தாளர் பார்க்கும் வேலைதான். ஒருவர் உட்கார்ந்து எழுதுவதைக் கேமரா எத்தனை நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கும்? அதனால் பலரும் காதலைப் பிடித்துக்கொள்கிறார்கள். கைகூடாத காதல், காற்றில் பறக்கும் பாவாடை, பின்னணியில் வயலின், அடுத்த காட்சியில் நாவல் அச்சாகி வந்துவிடும். பிபிசி 2016 டிசம்பர் 29 அன்று ஒளிபரப்பிய ‘டு வாக் இன்விசிபிள்’ அந்தப் பக்கமே போகவில்லை. சாலி வெயின்ரைட் எழுதி இயக்கிய இரண்டு மணி நேரத் தொலைக்காட்சிப் படம் இது. சார்லட், எமிலி, ஆன் என்ற மூன்று பிரான்ட்டி சகோதரிகள் எதற்காகப் புத்தகம் போடத் துணிந்தார்கள் என்ற கேள்விக்கு இந்தப் படம் தரும் பதில் பணம். அதுதான் இதன் பலம். படம் சறுக்கும் இடங்களும் இந்தப் பதிலைக் கைவிடும் இடங்கள்தான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஹாவர்த் என்ற மேட்டு ஊர். அங்கே 1820 முதல் தேவாலயப் பொறுப்பில் இருந்தவர் பேட்ரிக் பிரான்ட்டி. மனைவி 1821இல் இறந்தார். மூத்த பெண்கள் இருவர் விடுதிப் பள்ளியில் நோய் கண்டு 1825இல் அடுத்தடுத்துப் போனார்கள். மிஞ்சியவர்கள் நால்வர்: 1816இல் பிறந்த சார்லட், 1817இல் பிரான்வெல், 1818இல் எமிலி, 1820இல் ஆன். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். படம் யாரையும் அறிமுகப்படுத்தி வைக்காது. பிரான்வெல் மூவருக்கும் அண்ணன் என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் சார்லட்டின் கோபம் புரியாது. சார்லட்டுக்கு அவர் தம்பி, ஒரு வயதுதான் இளையவர். சிறுவயதில் இருவரும் சேர்ந்தே கற்பனை நாடுகளைக் கட்டி எழுதியவர்கள்.

குடியிருந்த வீடு சர்ச்சுக்குச் சொந்தம். அப்பா கண்ணை மூடினால் பிள்ளைகள் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த அப்பாவுக்கோ புரை விழுந்து பார்வை மங்கிக்கொண்டிருக்கிறது. ஒரே ஆண்பிள்ளையான பிரான்வெல் 1842இல் ரயில் நிலைய வேலையை இழந்தவர். கணக்கில் 11 பவுண்டு 1 ஷில்லிங் 7 பென்ஸ் குறைந்திருந்தது. பிறகு தார்ப் கிரீன் என்ற பெரிய வீட்டில் ஆசிரியராகப் போனார். 1845 ஜூலையில் அங்கிருந்தும் துரத்தப்பட்டார், வீட்டுக்காரரின் மனைவியோடு தொடர்பு என்று. கதை இங்கேதான் தொடங்குகிறது. 1848 செப்டம்பரில் முடிகிறது. மூன்று வருடம், அவ்வளவுதான்.

வாழ்க்கை வரலாற்றைத் திரைக்குக் கொண்டுவருகிறவர் எடுக்க வேண்டிய பெரிய முடிவு, எங்கே வெட்டுவது என்பதுதான். தொட்டில் முதல் கல்லறை வரை எடுத்தால் இரண்டு மணி நேரத்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காட்சி, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு காட்சி என்று விக்கிபீடியா பக்கம் நடித்துக் காட்டப்படும். வெயின்ரைட் எடுத்துக்கொண்ட மூன்று வருடத்துக்குள் வேண்டியதெல்லாம் அடங்கிவிடுகிறது: கவிதைத் தொகுப்பு 1846 மே, சார்லட்டின் ‘ஜேன் அயர்’ 1847 அக்டோபர், எமிலியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’, ஆனின் ‘ஆக்னஸ் கிரே’ இரண்டும் அதே வருட டிசம்பர், ஆனின் இரண்டாவது நாவல் 1848 ஜூன். குழந்தைப் பருவத்துக்கு ஒரே ஒரு உத்தி. அப்பா 1826இல் லீட்ஸிலிருந்து வாங்கி வந்த மரச் சிப்பாய்களை வைத்துக்கொண்டு நான்கு பிள்ளைகளும் விளையாடுகிறார்கள். அவர்கள் தலைக்கு மேல் நெருப்பு வளையம் எரிகிறது. படத்தின் ஒரே மாயக்காட்சி என்று சொல்லலாம். பிற்பாடு பிரான்வெல்லைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நெருப்பு நினைவுக்கு வர வேண்டும் என்பது கணக்கு. கணக்கு தப்பவில்லை.

பண விஷயத்துக்கு வருவோம். ஒரு பெண் கௌரவம் கெடாமல் சம்பாதிக்க அன்றைக்கு இருந்த வழி, பணக்கார வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் கவர்னஸ் வேலை. 1841இல் சார்லட்டுக்கு வருடச் சம்பளம் 20 பவுண்டு. துணி வெளுக்க 4 பவுண்டு பிடித்தம் போகக் கையில் 16. மூவரின் கவிதைகளை லண்டனில் ஐலட் அண்ட் ஜோன்ஸ் என்ற கடையில் அச்சிட அவர்களே கட்டிய தொகை 31 பவுண்டு 10 ஷில்லிங். ஏறத்தாழ இரண்டு வருட உழைப்பு. 1842இல் இறந்த பெரியம்மா விட்டுப்போன பணம் இல்லாவிட்டால் அந்தப் புத்தகமே கிடையாது. விற்றது இரண்டு பிரதி. அடுத்து எமிலியும் ஆனும் தங்கள் நாவல்களுக்காக டி. சி. நியூபி என்ற பதிப்பாளரிடம் முன்பணமாக 50 பவுண்டு கட்டினார்கள். சார்லட்டுக்கு ஸ்மித், எல்டர் நிறுவனம் ‘ஜேன் அயர்’ உரிமைக்கு 100 பவுண்டு கொடுத்தது; பின்னால் வந்தவற்றையும் சேர்த்தால் 500. ஒரே வீட்டில், ஒரே மேஜையில் எழுதியவர்கள்; ஒருத்தி பணம் வாங்குகிறாள், இருவர் பணம் கட்டுகிறார்கள்.

இந்த எண்களையெல்லாம் படம் வசனமாக ஒப்பிக்கவில்லை. ஆனால் காட்சிகளின் அடியில் இவைதான் ஓடுகின்றன. சகோதரிகள் பேசும்போது ‘கலை’, ‘உள்ளத்தின் வெளிப்பாடு’ போன்ற சொற்கள் வருவதில்லை. பள்ளிக்கூடம் ஆரம்பிக்க முடியாது, ஏனென்றால் வீட்டில் குடிகாரன் இருக்கிறான். வெளியூர் வேலைக்குப் போக முடியாது, ஏனென்றால் அப்பாவை யார் பார்ப்பது? மிச்சம் என்ன இருக்கிறது? நாம் எழுதியது இருக்கிறது. இந்தத் தர்க்கத்தை ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டு வந்து காட்டுகிறார் வெயின்ரைட். ஆண் பெயரில் எழுதுவதும் அதே கணக்கில்தான் வருகிறது. கரர் பெல், எலிஸ் பெல், ஆக்டன் பெல்: பெயரின் முதல் எழுத்து மட்டும் சொந்தம். பெண் என்று தெரிந்தால் விமர்சகர் புத்தகத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்பார் என்ற வியாபாரப் புத்தி அது.

படத்தின் சிறந்த காட்சி 1845 இலையுதிர் காலத்தில் நடக்கிறது. சார்லட் எமிலியின் கவிதை நோட்டைக் கண்டுபிடிக்கிறார். 1850இல் தங்கைகளின் நாவல்களுக்கு எழுதிய முன்னுரையில் சார்லட் இதைத் தற்செயல் என்றே சொல்லியிருக்கிறார். எழுதி மடித்து எழுத்துப்பெட்டிக்குள் பூட்டி வைக்கிற ஆளின் நோட்டு தற்செயலாக எப்படிக் கண்ணில் படும்? படம் அந்தச் சொல்லை நம்பவில்லை. எமிலி இல்லாத நேரம் பார்த்து சார்லட் தேடிப் போய்ப் படிப்பதாகவே எடுத்திருக்கிறார்கள். ஆதாரத்தை மீறாமல் ஆதாரத்துக்குள் இருக்கும் பொய்யை வெளியே எடுப்பது என்பது இதுதான். சார்லட்டாக வரும் ஃபின் அட்கின்ஸ் அங்கே அதிகம் செய்வதில்லை. மூச்சு மாறுகிறது, பக்கம் புரளுகிறது. பிறகு எமிலிக்குத் தெரிந்து வெடிக்கும் சண்டையில் எமிலியாக வரும் குளோயி பிரீ காட்டும் கோபம் திருட்டுக் கொடுத்தவரின் கோபம். தன் கவிதை நல்ல கவிதை என்று ஒருவர் சொல்லிவிட்டதற்காக அவர் ஒரு நொடிகூட இளகுவதில்லை. 1844இல் எமிலி தன் கவிதைகளை இரண்டு நோட்டாகப் பிரித்து எழுதி வைத்திருந்தார். ஒன்றில் கோண்டால் என்ற அவரும் ஆனும் கட்டிய கற்பனை நாட்டுக் கவிதைகள். ஆக சார்லட் திறந்தது தன்னைச் சேர்க்காமல் தங்கைகள் இருவரும் வைத்திருந்த ஒரு நாட்டை. இந்த விவரம் தெரிந்து பார்த்தால் சண்டைக்கு இன்னொரு அடுக்கு கிடைக்கும். படம் அதை வாய்விட்டு விளக்காது.

எமிலியை யார் எடுத்தாலும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. சார்லட்டுக்கு நூற்றுக்கணக்கில் கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன, பெரும்பாலும் தோழி எலன் நசி எரிக்காமல் வைத்திருந்ததால். சார்லட்டின் கணவர் எரிக்கச் சொல்லியும் அவர் எரிக்கவில்லை. எமிலியின் கையெழுத்தில் மிஞ்சியது மூன்று சின்னக் கடிதங்களும், சில வருடங்களுக்கு ஒருமுறை ஆனோடு சேர்ந்து எழுதிய நாட்குறிப்புத் தாள்களும், கவிதைகளும், ஒரு நாவலும். மீதியெல்லாம் மற்றவர் சொன்னது. அதனால் திரையில் எமிலி வழக்கமாக மேட்டுவெளியில் நின்று காற்றோடு பேசும் பித்துப்பிடித்த பெண்ணாக வருவார். இங்கே ரொட்டி மாவு பிசைகிறார், நாய்க்குச் சோறு வைக்கிறார், குடித்துவிட்டு வரும் அண்ணனைத் தாங்கிப் படுக்க வைக்கிறார், நறுக்கென்று பேசுகிறார். 1834 நாட்குறிப்புத் தாளில் உருளைக்கிழங்கு உரிப்பதும் கற்பனை நாட்டவர் புது நிலம் தேடிப் போவதும் அடுத்தடுத்து வருகின்றன. அந்தத் தாளைப் படித்தவர்தான் இப்படி ஒரு எமிலியை எழுத முடியும்.

எழுதும் வேலையைத் திரையில் காட்டுவதற்கும் அதுவே வழியாகிறது. நீண்ட நேரம் எழுதும் காட்சி எதுவும் இல்லை. பாத்திரம் கழுவி முடித்து ஒரு பக்கம், அடுப்புக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு பக்கம். யாராவது வரும் சத்தம் கேட்டால் தாள் மறைகிறது. மடியில் வைத்து எழுதும் சாய்வுப் பெட்டிகள் அவர்களிடம் உண்மையிலேயே இருந்தன. ஹாவர்த் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். இரவு ஒன்பது மணிக்கு அப்பா படிக்கட்டுக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டுப் படுக்கப் போன பிறகு, சாப்பாட்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே எழுதியதைப் படித்துக் காட்டுவது மூவரின் பழக்கம். எழுத்தாளர் படம் எடுக்க நினைக்கும் யாருக்கும் இது கிடைத்தற்கரிய வரம்: உட்கார்ந்திருக்கும் தொழிலில் நடமாட்டம் கிடைக்கிறது. வெயின்ரைட் இதை இன்னும் நிறையப் பயன்படுத்தியிருக்கலாம் என்பது ஒரு குறை. யார் யாருக்கு என்ன திருத்தம் சொன்னார்கள், எது வெட்டப்பட்டது என்பதெல்லாம் கதையில் இல்லை. மூன்று நாவல்கள் எழுதப்படுவதைவிட மூன்று நாவல்கள் தபாலில் போவதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

அரங்க அமைப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த வீடு 1928 முதல் அருங்காட்சியகம். அங்கேயே எடுத்திருக்கலாமே என்று தோன்றும். முடியாது. பேட்ரிக்குக்குப் பின் வந்த குருவானவர் 1870களில் பக்கவாட்டில் ஒரு பெரிய கூடுதல் கட்டடம் சேர்த்துவிட்டார். தேவாலயத்தையும் கோபுரம் தவிர 1879இல் இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். கல்லறைத் தோட்டத்தில் இன்று நிழல் தரும் மரங்கள் 1864இல்தான் நட்டவை. ஆக சார்லட் ஜன்னலிலிருந்து பார்த்த காட்சி ஹாவர்த்தில் இப்போது இல்லை. ஊருக்குப் பக்கத்திலேயே பெனிஸ்டன் ஹில் என்ற வெட்டவெளி மேட்டில் முழு வீட்டையும், அக்கம்பக்கத்தில் கொஞ்சத்தையும் உண்மை அளவில் கட்டினார்கள்.

செலவு வீண்போகவில்லை. மரமே இல்லாத மொட்டை மேட்டில், கல்லறைக் கற்கள் வாசல் வரை நெருக்கிக்கொண்டு நிற்க, வீடு தனியாகக் காற்றில் நிற்கிறது. 1850இல் அரசாங்கத்துக்காக பாபேஜ் என்பவர் ஹாவர்த்தின் சுகாதாரத்தை ஆராய்ந்து தந்த அறிக்கை இந்தக் காட்சிக்கு அடிக்குறிப்பு மாதிரி. அங்கே சராசரி இறப்பு வயது 25.8. பிறந்த குழந்தைகளில் 41.6 சதவீதம் ஆறு வயதுக்குள் இறந்தன. பிணங்கள் நெருங்கிப் புதைந்த நிலத்தின் வழியே தண்ணீர் இறங்கிக் கொண்டிருந்த ஊர். படத்தில் இதைப் பற்றி யாரும் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. சேறு இருக்கிறது, இருமல் இருக்கிறது.

உடைகளும் அப்படியே. தோய்த்துத் தோய்த்து நிறம் போன துணி, கசங்கிய விளிம்பு. எமிலி வழக்கொழிந்த ஊதுகைச் சட்டையை விடாமல் போட்டவர் என்று பிரஸ்ஸல்ஸில் உடன் படித்தவர்கள் கேலி செய்ததுண்டு. நடிகர் தேர்விலும் கவனம் தெரிகிறது. சார்லட் மிகக் குள்ளம், ஐந்து அடிக்கும் கீழே. எமிலி வீட்டுப் பெண்களில் உயரம். சார்லட் அண்ணாந்து பார்த்துச் சண்டை போட வேண்டியிருப்பது வசனம் செய்யாத வேலையைச் செய்கிறது. ஆனாக வரும் சார்லி மர்ஃபி மூவரில் குறைவாகப் பேசுபவர். அவர் கண்ணால் கேட்டுக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள்.

இனி பிரான்வெல். ஆடம் நகாய்டிஸ் நன்றாகவே நடித்திருக்கிறார், அதுதான் சிக்கல். குடி வீட்டை என்ன செய்யும் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வரலாற்றுப் படம் அபூர்வம். யார் சில்லறையை ஒளித்து வைப்பது, யார் ராத்திரி விழித்திருப்பது, கடன்காரன் வாசலில் நிற்கும்போது யார் கதவைத் திறப்பது என்பதெல்லாம் வீட்டு வேலைப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. 1846 டிசம்பரில் யார்க்கிலிருந்து கடன் வசூலிக்க அதிகாரி வந்து நின்றது சார்லட்டின் கடிதத்தில் உள்ள செய்தி. ஜொனாதன் பிரைஸ் செய்யும் அப்பா, மகனைக் கண்டிக்கவும் தெரியாமல் கைவிடவும் தெரியாமல் தடுமாறுவதைப் பார்த்தால் நம் தெருவில் நான்கு வீடுகள் ஞாபகம் வரும். ஆனால் காசு கேட்பது, கத்துவது, வாந்தி எடுப்பது, அழுவது என்ற சுற்று திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டாவது முறையிலேயே நமக்குப் புரிந்துவிட்டது. நடுப்பகுதியில் ஒரு இருபது நிமிடத்தை எடுத்து அப்படியே ஆனுக்குக் கொடுத்திருக்கலாம்.

ஏனென்றால் இந்தக் குடியிலிருந்து புத்தகம் செய்தவர் ஆன்தான். 1848 ஜூனில் வந்த ‘தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்’, குடிகாரக் கணவனிடமிருந்து மகனைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பெண்ணின் கதை. பிரான்வெல் வேலை பார்த்த அதே தார்ப் கிரீனில் அவருக்கு முன்பிருந்தே கவர்னஸாக இருந்தவரும் ஆன்தான்; அண்ணன் செய்கிற தப்பைக் கூடவே இருந்து பார்த்த சாட்சி. வீட்டில் நடப்பதும் ஆனின் தாளில் விழுவதும் இணைகிற ஒரே ஒரு வலுவான காட்சி இருந்திருந்தால் படத்தின் இரண்டு பாதிகளும் ஒட்டியிருக்கும். வழக்கம்போல ஆன் ஓரத்தில் நிற்கிறார்.

விட்டுவிட்ட இன்னொன்று பிரஸ்ஸல்ஸ். 1842இல் சார்லட்டும் எமிலியும் அங்கே படிக்கப் போனார்கள். சார்லட் தன் ஆசிரியர் ஹெகர் மீது மனதைப் பறிகொடுத்தார். அவருக்கு மனைவி, பிள்ளைகள் உண்டு. ஊர் திரும்பிய பின் எழுதிய கடிதங்களில் நான்கு மிஞ்சியிருக்கின்றன, அவற்றில் சில கிழித்துப் போட்டு மறுபடி தைத்து ஒட்டிய நிலையில். 1845இல் தொடங்கும் கதையில் அது முந்தைய சங்கதிதானே என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் மிஞ்சிய கடைசிக் கடிதத்தின் தேதி 1845 நவம்பர் 18. கவிதை நோட்டைக் கண்டுபிடித்த அதே பருவம். பதில் வராத கடிதத்துக்காக ஏங்கிக்கொண்டிருந்தவர், அதே வாரங்களில் தங்கையின் கவிதைகளை அச்சேற்ற வெறியோடு இறங்குகிறார். காதல் படமாகிவிடும் என்ற பயத்தில் இதை மையத்துக்குக் கொண்டுவராமல் விட்டிருக்கிறார்கள். பயம் நியாயம். என்றாலும் சார்லட்டின் அவசரத்துக்குப் பணம் மட்டும் காரணம் என்றாகிவிடுகிறது.

பின்னாளில் சார்லட்டை மணந்த ஆர்தர் பெல் நிக்கல்ஸ் துணைக்குருவாக வந்து போகிறார், அவ்வளவே. திருமணம் 1854இல்தான். அந்தப் பார்வைப் பரிமாற்றம், இந்தக் கைக்குட்டை என்று எதுவும் சேர்க்காமல் விட்டதற்கு ஒரு சபாஷ்.

பிரான்வெல் கதையை யார் எடுத்தாலும் விழுகிற ஒரு பள்ளத்தைச் சொல்லிவிட வேண்டும். தார்ப் கிரீன் வீட்டுக்காரர் 1846 மே மாதம் இறந்தபோது, மனைவி பிரான்வெல்லைச் சந்தித்தால் சொத்து கிடையாது என்று உயில் எழுதியிருந்தார் என்பது பரவலான கதை. சார்லட்டின் வாழ்க்கை வரலாற்றை 1857இல் எழுதிய எலிசபெத் கேஸ்கெல் அதை நம்பி அச்சிலேயே போட்டார். வழக்கு மிரட்டல் வந்து புத்தகத்தைத் திரும்பப் பெற்று, மூன்றாம் பதிப்பில் திருத்த வேண்டியதாயிற்று. உயிலில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. எனவே இதைத் திரையில் வைத்தால், பிரான்வெல் காதில் விழுந்து அவர் நம்பிய செய்தியாக மட்டுமே வைக்கலாம். உயிலைப் படித்துக் காட்டும் காட்சி எந்தப் படத்தில் வந்தாலும் அது தப்பு.

லண்டன் பயணக் காட்சி சிரிப்புக்கும் பெருமைக்கும் நடுவில் அழகாக நிற்கிறது. ஆனின் புதிய நாவலையும் ‘ஜேன் அயர்’ எழுதியவரே எழுதியதாக நியூபி அமெரிக்காவுக்கு விற்கப் பார்த்தார். மூவரும் ஒரே ஆளா என்று சார்லட்டின் பதிப்பாளர் கேட்டு எழுத, 1848 ஜூலையில் சார்லட்டும் ஆனும் நாலு மைல் மழையில் நடந்து கீத்லி போய், ராத்திரி ரயிலேறி, சனிக்கிழமை காலை கார்ன்ஹில் 65ஆம் எண் கடையில் போய் நின்றார்கள். எமிலி வர மறுத்துவிட்டார். பதிப்பாளர் ஜார்ஜ் ஸ்மித்துக்கு வாசலில் நிற்கும் சின்ன உருவம் யாரென்று தெரியவில்லை. அவர் கரர் பெல்லுக்கு எழுதிய கடிதத்தையே சார்லட் அவர் கையில் கொடுக்கிறார். இந்தக் கடித விவரத்தைக் கற்பனை என்று நினைத்துவிட வேண்டாம். சார்லட்டே நியூசிலாந்திலிருந்த தோழிக்கு எழுதி வைத்தது. ஸ்மித்தாக வரும் லூக் நியூபெரியின் முகம் மாறுவதற்கு இயக்குநர் போதிய நேரம் கொடுத்திருக்கிறார். படத்தின் பெயரும் சார்லட் அதே வருட ஆரம்பத்தில் பதிப்பக வாசகர் வில்லியம்ஸுக்கு எழுதிய கடிதத்திலிருந்து எடுத்ததுதான். ஆளை யாருக்கும் தெரியாமல் நடமாடுவது எழுத்தாளனுக்கு எவ்வளவு வசதி என்ற பொருளில் அதில் எழுதியிருந்தார்.

பார்க்க உட்காருகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். பேச்சு யார்க்‌ஷயர் வழக்கு, அதுவும் வேகமாக, பாதி முணுமுணுப்பாக. ஆங்கில நாடகங்களுக்குப் பழகிய காதுக்கே சிரமம், சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். பேட்ரிக் அயர்லாந்துக்காரர் என்பதால் அவருக்கு மட்டும் வேறு ராகம். இதில் ஒரு நெருடல் உண்டு. சார்லட் சின்ன வயதில் நல்ல அயர்லாந்து வாடையோடு பேசினார் என்று பள்ளித் தோழி மேரி டெய்லர் சொல்லியிருக்கிறார். அப்பாவிடம் கற்ற பேச்சு. திரையில் மகள்களிடம் அதன் சுவடு இல்லை. வீட்டுக்குள் வெளிச்சம் மெழுகுவத்தி அளவுதான். பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கைபேசியில் பார்த்தால் கறுப்புத் திரையும் குரலும்தான் மிஞ்சும். கெட்ட வார்த்தைகள் தாராளம், குடிவெறிக் காட்சிகள் கடுமை. வகுப்பில் போட்டுக் காட்ட நினைக்கும் ஆங்கில ஆசிரியர்கள் முதலில் தனியாகப் பார்த்துவிடுவது நல்லது. கவிதை நோட்டுக் காட்சியையும் லண்டன் காட்சியையும் மட்டும் தனியே காட்டினாலும் பாடத்துக்குப் போதும்.

‘ஜேன் அயர்’ கதையை முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. 1969இல் வந்த ‘சாந்தி நிலையம்’ பார்த்தவர்களுக்கு அதன் சாயல் ஏற்கெனவே தெரியும். ‘வுதரிங் ஹைட்ஸ்’ மட்டும் ஒருமுறை படித்துவிட்டு வருவது உத்தமம். கூரைக்குக் கீழே இருக்கும் எமிலியைப் பார்த்துவிட்டு, இவரா அதை எழுதினார் என்று திகைப்பதில்தான் பாதிச் சுவை.

முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை. 1848 செப்டம்பர் 24 அன்று பிரான்வெல் சாகிறார். அடுத்த எட்டு மாதத்தில் எமிலியும் ஆனும் போய்விடுகிறார்கள். எமிலிக்குச் செய்த சவப்பெட்டியின் அளவு 5 அடி 7 அங்குல நீளம், 16 அங்குல அகலம் என்று தச்சர் சொன்ன விவரம் பதிவாகியிருக்கிறது, அவ்வளவு ஒடுங்கியிருந்தார். இதையெல்லாம் எடுத்திருந்தால் பார்வையாளர்கள் கதறியிருப்பார்கள். படம் எடுக்கவில்லை, எழுத்து அட்டையில் தேதிகளைப் போட்டுவிட்டு இன்றைய அருங்காட்சியகத்துக்குத் தாவுகிறது. சுற்றுலாப் பயணிகள், கண்ணாடிப் பெட்டிகள், நினைவுப் பொருள் கடை. வண்டி சட்டென்று பிரேக் போட்ட உணர்வு. கண்ணீர்க் காட்சிகளைத் தவிர்த்தது சரியான முடிவு. அட்டைகள் ஓடும் வேகம்தான் சரியில்லை. ஆன் ஸ்கார்பரோவில் 29 வயதில் இறந்ததைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. கடையைக் காட்டியதில் தவறு தெரியவில்லை. 31 பவுண்டு கட்டி இரண்டு பிரதி விற்றவர்களின் படத்தை ஒட்டிய குவளைகள் அங்கே அடுக்கி வைத்து விற்கப்படுகின்றன என்பதைச் சொல்லாமல் இந்தக் கணக்கை எப்படி முடிப்பது?

முழு வாழ்க்கையும் வேண்டும், குழந்தைப் பருவம் முதல் சார்லட்டின் கடைசி நாட்கள் வரை என்று கேட்பவர்களுக்கு 1973இல் யார்க்‌ஷயர் டெலிவிஷன் எடுத்த ‘தி பிரான்ட்டிஸ் ஆஃப் ஹாவர்த்’ இருக்கிறது. கவிஞரும் நாடக ஆசிரியருமான கிறிஸ்டோபர் ஃப்ரை எழுதிய ஐந்து பகுதித் தொடர். மைக்கேல் கிச்சன் பிரான்வெல், ஆல்ஃபிரட் பர்க் அப்பா. மேடை நாடகம் போல நகரும், பிம்பம் பழசு, பேச்சு தெளிவு. ஆனுக்கு அங்கே மூச்சுவிட இடம் இருக்கிறது. ‘டு வாக் இன்விசிபிள்’ பார்த்துவிட்டு இதற்குப் போவதே நல்ல வரிசை. தலைகீழாகப் போனால் ‘டு வாக் இன்விசிபிள்’ போகும் வேகம் தாங்காது. இரண்டுமே டிவிடியாக வந்தவை. இணையத்தில் எந்தத் தளத்தில் இருக்கும் என்பது நாட்டுக்கு நாடு, மாதத்துக்கு மாதம் மாறும். பழைய டிவிடி வாங்குவதானால் உங்கள் கருவி அந்த நாட்டு மண்டலக் குறியீட்டை ஏற்குமா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அமெரிக்கப் பதிப்பு பிரிட்டிஷ் கருவியிலும், பிரிட்டிஷ் பதிப்பு அமெரிக்கக் கருவியிலும் பொதுவாக ஓடாது.